தேயும் பொருளின் மேல் கடன்: கார் தவணைகள் பத்திரமாகும் விதம்

அமெரிக்காவில் ஒருவர் 30,000 டாலர் கடன் வாங்கிப் புதுக் கார் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6 சதவீத வட்டி, 72 மாதத் தவணை. கணக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 497 டாலர் வருகிறது. கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரில் பில் வருகிறது. அவர் தவறாமல் கட்டுகிறார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் அந்தக் கடன் அந்த நிறுவனத்திடம் இல்லை. விற்றாகிவிட்டது. கார் வாங்கியவருக்கு இது தெரியாது. பில் அதே பெயரில்தான் வருகிறது, சந்தேகம் கேட்டால் அதே அலுவலகம்தான் பதில் சொல்கிறது. ஆனால் அந்த 497 டாலர் இப்போது ஒரு பணச்சந்தை நிதிக்கோ (குறுகிய காலப் பத்திரங்களில் மட்டும் பணம் போடும் நிதி), காப்பீட்டு நிறுவனத்துக்கோ, ஓய்வூதிய நிதிக்கோ போய்க்கொண்டிருக்கிறது.

ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றாகக் கட்டி, அவற்றின் தவணைப் பணத்தைக் காட்டிப் பத்திரம் விற்று, அந்தப் பணத்தில் அடுத்த கடன்களைக் கொடுப்பது. இதற்கு செக்யூரிடைசேஷன் என்று பெயர். தமிழில் பத்திரமாக்கல் என்போம். 2008 வீட்டுக் கடன் நெருக்கடிக்குப் பிறகு இந்தச் சொல்லைக் கேட்டாலே பலருக்குக் கசப்பு வருகிறது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதே உத்தியில் கட்டப்பட்ட கார் கடன் பத்திரங்களின் மேல் அடுக்குகள், அதாவது முதலில் பணம் பெறும் பங்குகள், அந்தப் புயலில் சேதமில்லாமல் கரை சேர்ந்தன. எனக்கு அதற்கு முக்கியக் காரணமாகப் படுவது ஒன்றுதான்: காரின் விலை ஏறும் என்று யாருமே நம்பவில்லை. ஷோரூமை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து அது இறங்கும் என்பது கடன் கொடுத்தவருக்கும் தெரியும், பத்திரம் வாங்கியவருக்கும் தெரியும். முழு அமைப்பும் அந்த இறக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டே கட்டப்பட்டது. இறக்கம் எவ்வளவு என்பதில் கணிப்பு தவறும்போதுதான் சிக்கல் வருகிறது. லீஸ் பக்கம் போகும்போது அதைப் பார்க்கலாம்.

பணம் எங்கிருந்து வரும்?

கார் கடன் நிறுவனத்தின் அன்றாடப் பிரச்சினை எளிமையானது. டீலருக்கு இன்றே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும்; வாடிக்கையாளரிடமிருந்து அது திரும்பி வர ஐந்தாறு வருடம் ஆகும். நாளைக்கு இன்னும் நூறு பேர் கடன் கேட்டு வருவார்கள். வங்கி என்றால் டெபாசிட் பணம் இருக்கிறது. ஃபோர்டு கிரெடிட், டொயோட்டா மோட்டார் கிரெடிட் போன்ற, கார் கம்பெனிகளின் சொந்த நிதி நிறுவனங்கள் வங்கிகளைப் போல ஊரெல்லாம் கிளை திறந்து டெபாசிட் திரட்டுவதில்லை. அவை சந்தையில்தான் கடன் வாங்க வேண்டும். அங்கே வட்டி விகிதத்தைத் தீர்மானிப்பது அந்த நிறுவனத்தின் தரக் குறியீடு, அதாவது கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்குக் கிடைக்கும் மதிப்பெண்.

2005-ல் ஃபோர்டின் தரக் குறியீடு முதலீட்டுக்குத் தகுதியற்ற நிலைக்கு, சந்தை மொழியில் ‘ஜங்க்’ நிலைக்கு, இறங்கியது. 2006 கடைசியில் அந்தக் கம்பெனி தன் ஆலைகளையும், நீல முட்டை வடிவ லோகோவையும்கூட அடமானம் வைத்து 2,350 கோடி டாலர் அளவுக்கு நிதி திரட்டியது. 2012-ல்தான் அந்த அடமானத்திலிருந்து மீண்டது. சின்னத்தையே அடகு வைத்த கம்பெனியின் நிதி நிறுவனம் அந்த வருடங்களிலும் மிக உயர்ந்த ‘மூன்று ஏ’ தரத்தில் பத்திரங்கள் விற்றது. எப்படி? அந்தப் பத்திரத்தை வாங்கியவர் ஃபோர்டை நம்பிப் பணம் கொடுக்கவில்லை. ஃபோர்டு கார் வாங்கி மாதாமாதம் தவணை கட்டும் பல்லாயிரம் பேரை நம்பிக் கொடுத்தார்.

இந்தப் பிரிப்புதான் பத்திரமாக்கலின் உயிர்நாடி. கடன் கொடுத்த நிறுவனம் நாளைக்கே திவாலானாலும், அது விற்றுவிட்ட கடன்களின் மேல் அதற்குக் கடன் கொடுத்த மற்றவர்கள் கை வைக்கக் கூடாது. அந்தச் சுவரைக் கட்டத்தான் வழக்கறிஞர்கள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதுகிறார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்கு வெளியே இந்த உத்தி 1985 மார்ச்சில் தொடங்கியது. ஸ்பெர்ரி நிறுவனத்தின் கணினி லீஸ்கள்தான் முதல் சரக்கு. இரண்டு மாதம் கழித்து மரைன் மிட்லண்ட் வங்கியின் கார் கடன்கள் பத்திரமாயின, வெறும் 6 கோடி டாலருக்கு. அடுத்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸின் நிதி நிறுவனமான ஜிஎம்ஏசி 400 கோடி டாலருக்கு ஒரே வெளியீட்டைக் கொண்டுவந்தது. இன்றைக்கு அமெரிக்க மக்களின் மொத்தக் கார் கடன் 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல்.

இரண்டு முறை விற்கப்படும் கடன்

நம் 30,000 டாலர் கடனைப் பின்தொடர்வோம். கடன் கொடுத்த நாளிலேயே அது பத்திரமாகிவிடாது. கொஞ்ச காலம் ஒரு ‘வேர்ஹவுஸ்’ கடன் வசதியில் காத்திருக்கும். பெரிய வங்கி ஒன்று, சேர்ந்துகொண்டே வரும் கார் கடன்களை ஈடாக வைத்துக்கொண்டு நிறுவனத்துக்குத் தற்காலிகமாகப் பணம் தருகிறது. பெயருக்கு ஏற்றபடி கிடங்குதான். போதுமான கடன்கள் சேர்ந்ததும் அவற்றைப் பத்திரச் சந்தைக்குக் கொண்டுபோய், வந்த பணத்தில் வேர்ஹவுஸ் கடனை அடைத்துவிட்டு மறுபடி நிரப்பத் தொடங்குவார்கள். தன் பணபலம் போதுமான பெரிய நிறுவனங்களுக்கு இந்த இடைநிலை அவ்வளவு முக்கியமில்லை. சிறிய நிறுவனங்களுக்கு இது மூச்சுக்காற்று.

அப்புறம் விற்பனை இரண்டு படிகளில் நடக்கிறது. முதலில் கடன் நிறுவனம் தான் அமைத்த ஒரு தனி நோக்க நிறுவனத்துக்கு கடன்களை விற்கிறது. அந்தத் துணை நிறுவனத்துக்கு வேறு தொழில் கிடையாது, வேறு கடன் வாங்க அனுமதி கிடையாது; அதைத் திவாலாக்க மனு போட வேண்டுமென்றால் அதன் நிர்வாகத்தில் இருக்கும் வெளியாள் ஒருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தனி நோக்க நிறுவனம் கடன்களை ஒரு டிரஸ்டுக்கு மாற்றுகிறது. பெரும்பாலும் டெலவேர் மாநிலச் சட்டப்படி பதிவான டிரஸ்ட். பத்திரங்களை வெளியிடுவது இந்த டிரஸ்ட்தான். தமிழில் டிரஸ்ட் என்றதும் அறக்கட்டளை நினைவுக்கு வரும். இங்கே அது கடன்களை வைத்திருக்கும் ஒரு சட்டப் பெட்டி, அவ்வளவுதான். ஊழியர் கிடையாது, அலுவலகம் கிடையாது.

ஊழியரே இல்லாத டிரஸ்டுக்கு யார் வசூல் செய்து கொடுப்பது? கடன் கொடுத்த அதே நிறுவனம்தான், இப்போது ‘சர்வீசர்’ என்ற புதுப் பொறுப்பில். நல்ல தரக் கடன்களுக்கு ஆண்டுக்கு 1 சதவீதம் இதற்கான வழக்கமான கூலி. கார் வாங்கியவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான். வண்டியின் உரிமைச் சான்றிதழில் இருக்கும் அடமானக் குறிப்பும் பழைய நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும். ஐம்பதாயிரம் வண்டிகளுக்கு ஐம்பது மாநிலங்களின் போக்குவரத்து அலுவலகங்களில் பெயர் மாற்றுவதென்றால் செலவும் தலைவலியும் சொல்லி மாளாது.

497 டாலர் எப்படிப் பிரிகிறது?

முதல் மாதம் கட்டிய 497 டாலரில் 150 வட்டி, 347 அசல். அந்த 150-ஐக் கவனியுங்கள். சர்வீசர் கூலி 25 டாலர் போகிறது. பத்திரம் வாங்கியவர்களுக்குச் சராசரியாக 4.5 சதவீத வட்டி என்று எடுத்துக்கொண்டால் 112 டாலர் 50 சென்ட். மிச்சம் 12 டாலர் 50 சென்ட். ஒரு கடனுக்கு இது சில்லறை. ஐம்பதாயிரம் கடன் உள்ள தொகுப்பில் மாதம் 6,25,000 டாலர். இதை ‘உபரி வட்டி’ என்பார்கள். யாராவது தவணை கட்டாமல் போனால் அந்த நஷ்டத்தை முதலில் தாங்குவது இதுதான். நஷ்டம் இல்லாத மாதத்தில் கடைசியில் கடன் நிறுவனத்துக்கே திரும்பிவிடும்.

உபரி வட்டிக்குப் பின்னால் இன்னும் சில தடுப்புச் சுவர்கள் உண்டு. தொடக்கத்திலேயே கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வைக்கும் இருப்புக் கணக்கு ஒன்று. 100 டாலர் பத்திரத்துக்குப் பின்னால் 103 டாலர் கடனை வைப்பது மற்றொன்று. மூன்றாவதுதான் பலரும் கேள்விப்பட்டது: பத்திரங்களையே அடுக்குகளாகப் பிரிப்பது. மேல் அடுக்குக்குப் பணம் முதலில், கீழ் அடுக்குக்கு நஷ்டம் முதலில்.

கார் கடன் வெளியீட்டில் மேல் அடுக்கே நான்காகப் பிரியும். ஏ-1 என்பது ஒரு வருடத்தை ஒட்டி முடிந்துவிடும் பத்திரம். பணச்சந்தை நிதிகள் 397 நாளுக்கு மேற்பட்ட பத்திரத்தை வாங்கக் கூடாது என்ற விதி இருப்பதால், அவர்களுக்காகவே அளவெடுத்துத் தைத்தது. தொகுப்பில் வரும் அசல் பணம் எல்லாம் முதலில் ஏ-1-க்கே போய்ச் சில மாதங்களில் அதை அடைத்துவிடும். அடுத்து ஏ-2, நிலையான வட்டியில் ஒரு பங்கும், சந்தை வட்டியோடு ஏறி இறங்கும் ஒரு பங்குமாக இது பெரும்பாலும் இரட்டையாக வரும். பிறகு ஏ-3, ஏ-4. இவற்றுக்குக் கீழே பி, சி, டி என்று தாங்கிப் பிடிக்கும் அடுக்குகள். ஒரே கார் கடனை ஆறு மாதப் பணமாகவும் மூன்று வருடப் பணமாகவும் வெவ்வேறு ஆளுக்கு விற்க முடிகிறது. கொஞ்சகாலப் பணத்துக்குக் குறைந்த வட்டி போதும் என்பதால் மொத்தச் செலவு குறைகிறது.

ஒரு சின்னப் புதிரைச் சொல்லாமல் போக மனமில்லை. கார் கம்பெனிகள் விற்பனையைத் தூக்க அவ்வப்போது வட்டியில்லாக் கடன் கொடுக்கும். வட்டியே வராத கடனை வைத்து 4.5 சதவீத வட்டி தரும் பத்திரத்தை எப்படி விற்பது? 60 மாதத்துக்கு மாதம் 500 டாலர் வரும் 30,000 டாலர் வட்டியில்லாக் கடன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை 7 சதவீத வட்டியில் தள்ளுபடி செய்தால் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 25,250 டாலர். தொகுப்பில் அந்தக் கடனை அந்த மதிப்புக்குத்தான் கணக்கு வைப்பார்கள். மீதி 4,750 டாலர் வட்டிக்குப் பதிலாக மெல்ல மெல்லக் கரையும் மெத்தையாக நிற்கும். வட்டி இல்லாத கடனிலிருந்து வட்டி பிறப்பது கணக்கின் அழகு. நஷ்டத்தை ஏற்றது கார் கம்பெனிதான்; கடன் கொடுத்த அன்றே அது தன் நிதி நிறுவனத்துக்கு அந்த வித்தியாசத்தைக் கொடுத்திருக்கும்.

கஷ்டப்படுபவர்களின் கடன்

மேலே சொன்னது நல்ல வரலாறு உள்ளவர்களின் கடன். அவர்களின் தொகுப்புகளில் மொத்த நஷ்டம் பெரும்பாலும் அசலில் 1 சதவீதத்தை ஒட்டியோ கீழேயோதான் நிற்கும். கடன் வரலாறு சரியில்லாதவர்களின் ‘சப்பிரைம்’ பக்கம் வந்தால் கணக்கே வேறு. 15,000 டாலர் பழைய கார், 20 சதவீத வட்டி, 72 மாதம். தவணை சுமார் 359 டாலர். முதல் மாதம் அதில் 250 வட்டிக்கே போய்விடும்; அசலில் குறைவது 109 டாலர். வண்டியின் விலை அதைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட தொகுப்பில் அசலில் 15 சதவீதம்கூட நஷ்டமாகலாம். அப்படியிருந்தும் அதன் மேல் அடுக்குக்கு மூன்று ஏ தரம் கிடைக்கிறது. தரக் குறியீட்டு நிறுவனங்கள் எதிர்பார்க்கும் நஷ்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் தாங்கும் சுவர் கேட்கும். நல்ல தரக் கடன்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. 15-ஐ மூன்றால் பெருக்கினால் 45. ஆக, நூறு டாலர் கடனில் ஏறக்குறைய பாதியைத்தான் மூன்று ஏ பத்திரமாக விற்க முடியும். மீதியைக் கீழ் அடுக்குகளும், உபரிக் கடன்களும், அந்த 20 சதவீத வட்டியும் தாங்குகின்றன. கணக்கில் ஓட்டை இல்லை. ஆனால் அந்தச் சுவரின் ஒவ்வொரு செங்கல்லும் ஒரு குடும்பம் கட்டும் வட்டி என்பதை நான் மறக்க விரும்பவில்லை. பத்து பேரில் இரண்டு மூன்று பேர் கட்ட முடியாமல் போவார்கள் என்று முதல் நாளே கணக்கிட்டு, அந்த நஷ்டத்தை எல்லோருடைய வட்டியிலும் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

தவணை தவறினால் என்ன நடக்கும்? முதலில் போன். சில வாரங்களில் நோட்டீஸ். இரண்டு மூன்று மாதத்துக்குள் ஆள் வந்து வண்டியைத் தூக்கிவிடுவார்கள். அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் அமைதி குலையாமல் எடுக்க முடிந்தால் நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. வண்டி ஏலத்துக்குப் போகும், விற்ற பணம் டிரஸ்டுக்கு வரும், மிச்சம் நஷ்டக் கணக்கில் ஏறும். வழக்கமாக 120 நாள் தாண்டினால் கடன் கைவிடப்பட்டதாக எழுதிவிடுவார்கள்.

சர்வீசருக்கு இன்னொரு வழியும் உண்டு. கஷ்டத்தில் இருப்பவருக்கு ஒரு மாதத் தவணையைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால் அவர் பாக்கிப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். வேலை போய் இரண்டு மாதத்தில் திரும்பக் கிடைத்தவருக்கு இது பேருதவி. அதே வசதியை வரம்பில்லாமல் பயன்படுத்தினால் தொகுப்பின் காய்ச்சல் வெளியே தெரியாது. அதனால்தான் இந்தப் பத்திரங்களை வாங்குகிறவர்கள் பாக்கி சதவீதத்தோடு, எத்தனை கடன்கள் நீட்டிக்கப்பட்டன என்பதையும் கேட்கிறார்கள். பிட்ச் என்ற தரக் குறியீட்டு நிறுவனத்தின் சப்பிரைம் குறியீட்டில் 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்தவர்களின் பங்கு அண்மைக் காலத்தில் 6 சதவீதத்தைத் தாண்டியது. அந்தக் குறியீடு கணக்கிடத் தொடங்கிய 1990-களிலிருந்து இவ்வளவு உயரத்தை அது பார்த்ததில்லை.

2008-ல் எது தாங்கியது?

2009-ல் ஏப்ரல் கடைசியில் கிரைஸ்லரும் ஜூன் முதல் நாளில் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு போட்டன. வேலையில்லாத் திண்டாட்டம் 10 சதவீதத்தை எட்டியது. பழைய கார் விலை சரிந்தது. கார் கடன் பத்திரங்கள் நொறுங்க எல்லா முகாந்திரமும் இருந்தது. மூன்று ஏ அடுக்குகள் அசலையும் வட்டியையும் முழுதாகக் கொடுத்துத் தீர்த்தன.

வீட்டுக் கடன் 30 வருடம் ஓடும்; முதல் சில வருடங்களில் அசல் அசையவே அசையாது. விலை ஏறிக்கொண்டே இருக்கும், ஏறியதும் மறு அடமானம் வைத்துக்கொள்ளலாம் என்ற எதிர்பார்ப்பு அதன் அடித்தளத்தில் இருந்தது. கார் கடன் தொகுப்பில் இரண்டு வருடத்தில் பாதி அசல் வந்துவிடுகிறது. அடுக்குகள் வரிசையாக அடையும்போது, மிச்சம் இருக்கும் கடனுக்குப் பின்னால் நிற்கும் சுவர் விகிதத்தில் தடித்துக்கொண்டே போகிறது. நெருக்கடி வந்த நேரத்தில் பழைய தொகுப்புகள் பலவும் பாதி வழி கடந்துவிட்டிருந்தன. அத்தோடு, வேலைக்குப் போகக் கார் தேவைப்படும் நாடு அது. வீட்டுத் தவணையை விட்டாலும் கார் தவணையை விடாதவர்கள் நிறைய.

பழைய பத்திரங்கள் தாங்கினாலும் புதிய பத்திரங்களை வாங்க ஆளில்லை என்பது வேறு கதை. 2008 கடைசியில் சந்தை ஏறக்குறைய உறைந்துவிட்டது. பத்திரம் விற்க முடியாத கடன் நிறுவனத்தால் கடன் கொடுக்க முடியாது, கடன் கிடைக்காமல் கார் விற்காது. அமெரிக்க மத்திய வங்கி 2009 மார்ச்சில் ‘டால்ஃப்’ திட்டத்தைத் தொடங்கி, இந்தப் பத்திரங்களை வாங்குகிறவர்களுக்கே கடன் கொடுத்துச் சந்தையை அசைத்தது. 2020-லும் அதே திட்டத்தை மறுபடி எடுத்தார்கள். இந்த நிதிவழி எவ்வளவு மலிவானதோ அவ்வளவு சட்டென்று வறண்டும் போகும். டெபாசிட் தளம் இல்லாத நிறுவனங்களுக்கு இதுதான் தீராத பயம்.

நெருக்கடிக்குப் பின் வந்த 2010 டாட்-ஃபிராங்க் சட்டத்தின்படி, பத்திரமாக்கும் நிறுவனம் நஷ்ட அபாயத்தில் குறைந்தது 5 சதவீதத்தைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும்; கார் கடன்களுக்கு இது 2016 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான கார் கடன் நிறுவனங்கள் அதற்கு முன்பே கடைசி அடுக்கைத் தங்களிடமே வைத்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு நவம்பரிலிருந்து, பொதுச் சந்தையில் விற்கப்படும் புதிய வெளியீடுகளில் ஒவ்வொரு கடனின் விவரமும் மாதாமாதம் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் ஏறுகிறது. பெயர் இருக்காது. ஒரு கடனுக்கு ஒரு பதிவு: வண்டியின் கம்பெனி, மாடல், கடன் தொகை, வட்டி, வாங்கியவரின் கடன் மதிப்பெண், மாநிலம், வருமானத்தில் தவணை எத்தனை பங்கு, இந்த மாதம் எவ்வளவு கட்டினார், எத்தனை நாள் பாக்கி. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். பல சப்பிரைம் வெளியீடுகள் பெரு முதலீட்டாளர்களுக்கு மட்டும் தனியாக விற்கப்படுவதால் இந்த வெளிச்சம் அவற்றின் மேல் விழுவதில்லை. அதிகம் வெளிச்சம் தேவைப்படும் இடமே அதுதான் என்பது என் ஆதங்கம்.

2025 செப்டம்பர் 10 அன்று டெக்சாஸைச் சேர்ந்த டிரைகலர் என்ற நிறுவனம், தொழிலைக் கலைக்கும் வகைத் திவால் மனுவைப் போட்டது. கடன் வரலாறு இல்லாதவர்களுக்குப் பழைய கார் விற்று, கடனும் தானே கொடுத்து, அந்தக் கடன்களைப் பத்திரமாக்கி வந்த நிறுவனம். ஒரே கார் கடனை ஒன்றுக்கு மேற்பட்ட வேர்ஹவுஸ் வங்கிகளிடம் ஈடாகக் காட்டியதாக அதன் நிர்வாகிகள் மீது அரசுத் தரப்பு குற்றம் சாட்டியுள்ளது. ஜேபி மார்கன் வங்கி மட்டும் 17 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. எத்தனை அடுக்கு, எத்தனை மடங்கு சுவர் என்று போட்ட கணக்கெல்லாம், அந்தக் கடன் உண்மையில் இருக்கிறது, ஒருமுறைதான் ஈடு வைக்கப்பட்டிருக்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அதைச் சரிபார்ப்பது அலுப்பூட்டும் குமாஸ்தா வேலை. அந்த வேலைதான் எல்லாவற்றுக்கும் அடிக்கல்.

லீஸ்: விலை இறக்கமே சரக்காகும்போது

சரி, லீஸுக்கு வருவோம். கடனில் வண்டி வாங்கியவருடையது. அதன் விலை இறங்கினால் முதல் அடி அவருக்கு. லீஸில் வண்டி நிதி நிறுவனத்தின் சொத்து. மூன்று வருடம் ஓட்டிவிட்டு, ஓட்டியவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இதனால் சட்டப் பெட்டியே வேறு மாதிரி அமைகிறது. கடனை விற்றால் காகிதம் கைமாறுகிறது. லீஸை விற்றால் வண்டியின் உரிமையே மாற வேண்டும். அதற்குப் பதிவுக் கட்டணம், சில இடங்களில் வரி. எனவே தொடக்கத்திலிருந்தே எல்லா லீஸ் வண்டிகளையும் ‘டைட்லிங் டிரஸ்ட்’ ஒன்றின் பெயரில் பதிந்துவிடுகிறார்கள். பத்திரம் வெளியிடும் நேரம் வரும்போது, அந்த டிரஸ்டில் குறிப்பிட்ட சில ஆயிரம் வண்டிகளின் பலனை மட்டும் கோடு போட்டுப் பிரித்து, ‘சுபி’ என்று அழைக்கப்படும் ஒரு தனிப்பங்காக்கி, அந்தப் பங்கை விற்கிறார்கள். வண்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது, பெயர் மாறுவதில்லை, பலன் மட்டும் மாறுகிறது. ஒரு காலத்தில் வேறொரு கவலையும் இருந்தது. சில மாநிலங்களில் லீஸ் வண்டி விபத்தில் மாட்டினால் உரிமையாளர் என்ற முறையில் டிரஸ்ட் நஷ்டஈடு கொடுக்க வேண்டி வரலாம். 2005-ல் வந்த மத்தியச் சட்டம் அந்தப் பாரத்தை இறக்கிவைத்தது.

இனிக் கணக்கு. 40,000 டாலர் கார், 36 மாத லீஸ், முடிவில் வண்டி 22,000 டாலர் பெறும் என்று மதிப்பீடு; இதுதான் ‘மீதி மதிப்பு’. 6 சதவீத வட்டியில் மாதம் ஏறக்குறைய 658 டாலர் வருகிறது. வரப்போகும் தவணைகளின் இன்றைய மதிப்பு சுமார் 21,600, கடைசியில் வண்டி விற்று வரும் பணத்தின் இன்றைய மதிப்பு சுமார் 18,400. அதாவது முதல் நாளிலேயே பத்திரத்துக்குப் பின்னால் நிற்கும் மதிப்பில் 46 சதவீதம் யாரும் கட்டுவதாக உறுதி கொடுத்த பணம் இல்லை. மூன்று வருடம் கழித்து ஒரு பழைய கார் எவ்வளவுக்குப் போகும் என்ற கணிப்பு. இரண்டு வருடம் கடந்தபின் இந்தப் பங்கு 73 சதவீதமாகிவிடும். கார் கடன் தொகுப்பு வயது ஏற ஏறப் பாதுகாப்பாகிறது. லீஸ் தொகுப்பு வயது ஏற ஏறப் பழைய கார் சந்தையோடு இறுக்கமாகக் கட்டுண்டுபோகிறது.

கணிப்பு தவறினால் நடப்பது இரு பக்கமும் சமமாக இருக்காது. வண்டி 19,000-தான் போகும் என்றால் ஓட்டியவர் கட்டாயம் திருப்பிக் கொடுப்பார், 3,000 நஷ்டம் டிரஸ்டுக்கு. வண்டி 26,000 போகும் என்றால் ஒப்பந்தப்படி 22,000-க்குத் தானே வாங்கிக்கொள்வார், 4,000 லாபம் அவருக்கு. கீழே விழுந்தால் உன்னுடையது, மேலே போனால் என்னுடையது என்ற ஒப்பந்தம். இதனால்தான் தரக் குறியீட்டு நிறுவனங்கள் லீஸ் வெளியீட்டில் மீதி மதிப்பைக் கறாராக வெட்டிக் கணக்கிடுகின்றன; ஒரே மாடல் வண்டிகள் குவிந்திருந்தாலும், ஒரே மாதத்தில் பல லீஸ்கள் முடிந்தாலும் இன்னும் வெட்டுகின்றன. மதிப்பீட்டையும் நிறுவனத்தின் சொந்த விற்பனைப் பிரிவிடம் விடுவதில்லை. மீதி மதிப்பைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டால் மாதத் தவணை குறைந்து கார் வேகமாக விற்கும் என்ற சபலம் அங்கே எப்போதும் உண்டு.

2008 கோடையில் இந்தச் சபலத்துக்கு விலை கொடுக்க நேர்ந்தது. அமெரிக்காவில் பெட்ரோல் கேலன் 4 டாலரைத் தாண்டியதும் பெரிய எஸ்யூவி, பிக்கப் வண்டிகளின் மறுவிற்பனை விலை பாதாளத்துக்குப் போனது. ஃபோர்டு கிரெடிட் தன் லீஸ் வண்டிகளின் மதிப்பில் 210 கோடி டாலரை ஒரே காலாண்டில் குறைத்து எழுதியது. கிரைஸ்லர் ஃபைனான்ஷியல் ஆகஸ்ட் முதல் அமெரிக்காவில் லீஸ் கொடுப்பதையே நிறுத்தியது. 2021, 2022-ல் சிப் தட்டுப்பாட்டால் நேர் எதிராக நடந்தது. புதுக் கார் கிடைக்காமல் பழைய கார் விலை பறந்தது. லீஸ் முடிந்தவர்கள் வண்டியைத் திருப்பிக் கொடுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். டிரஸ்டுகளுக்கு முழுப் பணமும் வந்து சேர்ந்தது.

இப்போது கண்ணில் படுவது மின்சாரக் கார்கள். 2022-ல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில், தனி ஆள் மின்சாரக் கார் வாங்கினால் 7,500 டாலர் வரிச் சலுகைக்குப் பல நிபந்தனைகள் இருந்தன. லீஸுக்கு விட்டால் வாங்கியவர் நிதி நிறுவனம் என்பதால் வணிக வண்டிக்கான சலுகை அவ்வளவு கெடுபிடி இல்லாமல் கிடைத்தது. நிறுவனங்கள் அதைத் தவணையில் கழித்துக் கொடுக்க, மின்சாரக் கார் லீஸ் மளமளவென்று ஏறியது. அந்த லீஸ்கள் தொகுப்புகளுக்குள்ளும் வந்து சேர்ந்தன. அதே காலத்தில், 2023 தொடக்கத்தில், டெஸ்லா தன் புதுக் கார்களின் விலையைச் சில மாடல்களில் 20 சதவீதம் வரை குறைத்தது. புதியதன் விலை அப்படி இறங்கினால் மூன்று வயது வண்டியின் விலை எங்கே நிற்கும்? 2025 செப்டம்பர் 30-உடன் வரிச் சலுகையும் முடிந்தது.

2023-லும் 2024-லும் கொடுத்த மூன்று வருட லீஸ்கள் 2026-லும் 2027-லும் முடிகின்றன. ஒவ்வொரு வண்டியாக டீலரிடம் வந்து நிற்கும். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் விலையையும் அன்றைய சந்தை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வாங்கிக்கொள்வதா, சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதா என்று அந்த இடத்திலேயே ஓட்டியவர் முடிவு செய்வார். அடுத்த மாத அறிக்கையில் அந்த வித்தியாசம் டிரஸ்டின் கணக்கில் ஒரு வரியாக ஏறும்.